பின் பிரேக் பிடிக்கவில்லை: லைனரா, ஹப்பா, டிஸ்க்கா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தன் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, "பின் பிரேக் சுத்தமா இல்ல மச்சான். ஒரு கராஜ்ல ஹப்போட மாத்தணும்னு சொல்றாங்க, இன்னொரு இடத்துல டிஸ்க்கே போட்டுரலாம்னு சொல்றாங்க. எதைச் செய்ய?" என்று கேட்டான். 100 சிசி பைக், பின்னால் ட்ரம் பிரேக். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் வாங்கியது, அதற்குப் பிறகு பல வருடம் புதிதாக ஒன்று எடுக்க வழியில்லாமல் போனதால் இதையே தேய்த்துத் தேய்த்து ஓட்டுகிறான். மலையகத்தில் பாதிப் பேரின் கதை இதுதான். நான் பாஸ் (கராஜ் மெக்கானிக்) இல்லை, சொந்த பைக்கைக் கழற்றிப் பூட்டிப் பழகியவன், அவ்வளவுதான். ஆனால் தலவாக்கலையில் இருந்து நுவரெலியாவுக்கு வேலைக்கு ஏறி இறங்கியே நாலைந்து ஜோடி லைனர் முடித்தவன் என்பதால் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். லைனர் என்று நாங்கள் சொல்வது ட்ரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூவைத்தான். ஹப் என்பது சக்கரத்தின் நடுப்பகுதி, ட்ரம் அதற்குள்ளேயே இருக்கிறது.

அவனிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: எப்போது பிடிக்கவில்லை? "எப்பவுமே" என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் அப்படி இருப்பதில்லை. காலையில் லயத்து வாசலில் இருந்து எடுத்த உடனேயே பெடல் கீழே போகிறதா, இல்லை ரதல்லை குறுக்கு ரோட்டில் பாதி இறங்கிய பிறகு போகிறதா? இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு. முதலாவதுக்குக் காசு செலவழித்தால் பலன் உண்டு. இரண்டாவதுக்குப் பல நேரம் காசே தேவையில்லை, கை கால் பழக்கத்தை மாற்ற வேண்டும். கராஜில் கேட்காமல் விடும் கேள்வி இது, ஏனென்றால் நீங்கள் இறங்கி வந்து, வரிசையில் காத்திருந்து, ஒரு பிளேன்ரீயும் குடித்து முடிக்கும்போது ட்ரம் ஆறிவிடும். பாஸ் ஏறி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு "பிடிக்குதே தம்பி" என்பார், அல்லது சந்தேகத்துக்கு எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்.

அதனால் எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. மழையில்லாத நாளில், வண்டி குளிர்ந்து கிடக்கும்போது, ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில் (இங்கே சமதரை கிடைப்பதே பெரிய விஷயம், எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களத்துப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது) 25, 30 கிலோமீற்றர் வேகத்தில் போய் பின் பிரேக்கை மட்டும் மிதித்து நிறுத்துங்கள். பெடல் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமாக இறங்கும் இறக்கத்தை வழக்கம் போலவே இறங்கி, அடியில் சமமான இடத்துக்கு வந்ததும் ஆறவிடாமல் அதையே செய்யுங்கள். குளிரிலும் மோசம், சூட்டிலும் மோசம் என்றால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது, ஒட்டியிருக்கிறது, அல்லது சரியாக டைட் செய்யவில்லை. குளிரில் நன்றாகப் பிடித்து சூட்டில் மட்டும் கைவிட்டால் ட்ரம் வேகிறது.

எவ்வளவு வேகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைக், ஆள், பின்னால் ஒரு மூட்டை எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வைத்தால், 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிவருகிற சக்தி அரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர், கம்பளை 500க்கும் கீழே. லபுக்கலை, ரம்பொடை வழியாக அங்கே போய்ச் சேரும்போது ஏழு லீற்றர், அதாவது கல்யாண வீட்டுக் கேத்தல் ஒன்று கொதிக்கிற சூடு எங்கேயாவது போயாக வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கும், கியரில் இறங்கினால் எஞ்சின் நிறைய வாங்கும், மீதி முழுக்க பிரேக்கில். ட்ரம் சூடேறினால் விரியும், விரிந்தால் லைனரில் இருந்து விலகும், அதனால்தான் பெடல் கீழே போகிறது. லைனரும் சூட்டில் வழுக்கத் தொடங்கும். அரை மணி நேரம் நிறுத்தினால் ஒன்றும் நடக்காதது போல் பழையபடி பிடிக்கும்.

2022இல் பெட்ரோல் வரிசை காலத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்கும் பழக்கம் ஒன்று நம் ஆட்களிடம் வந்தது. நானும் செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை, அப்போது ஒரு சொட்டு பெட்ரோலும் காசு. வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சூட்டில் மட்டும் கைவிடுகிற பைக் என்றால் முதல் தெரிவு அதனால் இதுதான்: ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர், பெடலில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல் வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிடுவது, முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது. "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள், ஆனால் இறக்கத்தில் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குத்தான் போகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது, எவ்வளவு நல்ல பின் பிரேக் போட்டாலும் அங்கே ஓர் அளவுக்கு மேல் வேலை நடக்காது, சக்கரம் லொக் ஆகி இழுத்துக்கொண்டு போகும். மணல், சேறு, ஈர இலை கிடக்கிற வளைவில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு முன் பிரேக்கைச் சட்டென்று அமுக்கக்கூடாது, அது உண்மை. நேராக நிற்கும்போது மெதுவாக ஏற்றிப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. ஸ்கூட்டிக்காரர்களுக்கு மட்டும் இது பாதிதான் உதவும், வேகம் நன்றாகக் குறைந்தால் கிளச் தானாக விட்டுவிடும், எஞ்சின் பிடிக்காது. அவர்கள் நடுவில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் போக வேண்டும்.

சரி, குளிரிலேயே பிடிக்கவில்லை என்றால்?

மிக மலிவான தெரிவு நட்டைத் திருகுவது. பெடலில் இருந்து பின்னால் போகிற கம்பியின் முனையில் இருக்கிற நட்டை முறுக்கி, பெடலின் வெறும் ஓட்டம் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரும்படி வைத்து, டபுள் ஸ்டேண்டில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் தேயாமல் ஓட வேண்டும். ஐந்து நிமிட வேலை, செயின் டைட் செய்த பிறகு இதையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் சக்கரம் பின்னால் போனால் இதுவும் மாறும். ஆனால் இந்தத் தெரிவுக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை வண்டியே காட்டும். அந்தக் கம்பி இழுக்கிற லிவர், லைனரை விரித்துத் தள்ளுகிற கேம் தண்டில் பூட்டியிருக்கும். ட்ரம் மூடியில் அந்தக் கேம் லிவருக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும், பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது அது மூடியில் உள்ள கோட்டைத் தொட்டால் லைனர் முடிந்தது, அதற்குமேல் நட்டை முறுக்குவது நம்மை நாமே ஏமாற்றுவது.

இங்கே ஒரு தில்லுமுல்லு நடக்கும், மச்சானின் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. நட்டு கடைசி வரைக்கும் போய்விட்டால், கேமில் இருந்து லிவரைக் கழற்றி ஒரு பல்லு தள்ளிப் பூட்டிவிடுவார்கள். உடனே நட்டுக்குப் புது இடம் கிடைக்கும், பெடல் மேலே வரும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். உள்ளே நடப்பது என்னவென்றால் தேய்ந்த லைனரைத் தள்ளுவதற்காகக் கேம் அளவுக்கு மீறித் திரும்புகிறது. ஒரு கட்டத்தில் கேம் குறுக்காகத் திரும்பி நின்றுகொண்டு திரும்பி வராது, இறக்கத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கண்டுபிடிப்பது சுலபம்: பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு பக்கத்தில் இருந்து பாருங்கள், கம்பிக்கும் லிவருக்கும் இடையிலான கோணம் ஏறக்குறைய செங்கோணமாக இருந்தால் சரி. லிவர் அதைத் தாண்டி முன்னால் படுத்துக்கொண்டு கிடந்தால் யாரோ பல்லு மாற்றியிருக்கிறார்கள், அல்லது லைனர் காலி. மச்சானின் லிவர் தூங்கிக்கொண்டிருந்தது. கேமில் இருக்கிற புள்ளியும் லிவரில் இருக்கிற புள்ளியும் நேராக இல்லை.

அடுத்த தெரிவு சக்கரத்தைக் கழற்றித் திறந்து துடைப்பது. எனக்குக் கேட்டால் மலையக வண்டிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை, பெருமழைக்கு முன்னாலும் பின்னாலும், பிரேக் நன்றாக இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும், ஆனால் யாரும் செய்வதில்லை, நானும் ஒரு தடவைதான் ஒழுங்காகச் செய்கிறேன். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், மழை நாளில் ட்ரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் இரண்டு மிதிக்கு ஒன்றுமே இருக்காது, பிறகு திடீரென்று பிடித்து இழுக்கும். அந்தத் தண்ணீர் தூசியோடு சேர்ந்து கேம் தண்டில் துருவாகி உட்கார்ந்துவிடும். கேம் இறுகினால் பெடலை விட்டாலும் லைனர் முழுதாகத் திரும்பி வராது, லேசாக உரசிக்கொண்டே ஓடும், மைலேஜ் குறையும், பின் பிரேக்கை மிதிக்காமல் சமதரையில் ஐந்து கிலோமீற்றர் ஓடினாலும் ஹப் கொதிக்கும். கையை வைத்துப் பார்க்க வேண்டாம், இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும், 'சுர்' என்றால் உரசுகிறது. பின் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதும் சில நேரம் இதன் அடையாளம்தான், பெடல் முழுதாக மேலே வராமல் சுவிட்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

திறந்தால் பார்க்க வேண்டியது லைனரின் முகம். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் அது சூட்டில் வெந்து வழுக்கையானது, கனம் இருக்கிற வரைக்கும் நடுத்தர எமரி தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும், 'கீச்' சத்தமும் போகும். கறுப்பாக எண்ணெய்ப் பசை ஏறியிருந்தால் தேய்த்துப் பிரயோசனம் இல்லை, லைனர் உறிஞ்சிவிட்டது, சூடானால் மறுபடியும் கசியும், தூக்கிப் போட வேண்டியதுதான். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். என்னுடைய பைக்கில் ஒரு தடவை டவுனில் ஒரு கராஜில் கேமுக்குக் கிரீஸ் போடுகிறேன் என்று பருப்புக்குத் தாளிதம் கொட்டுவது போல் கொட்டியிருந்தார்கள், இரண்டு இறக்கத்தில் எல்லாம் உருகிப் புது லைனரில் போய்ச் சேர்ந்தது, புது லைனர் போட்டும் பிடிக்கவில்லையே என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கேமுக்கும், லைனரின் மறு முனை மாட்டியிருக்கிற முளைக்கும் சூடு தாங்குகிற கிரீஸ் விரல் நுனியில் தொட்டு வைக்கிற அளவு போதும். இன்னொன்று, உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதவோ காற்று அடிக்கவோ வேண்டாம், பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம், ஈரத் துணியால் துடையுங்கள்.

லைனர் மாற்றுவது மூன்றாவது தெரிவு, மலைநாட்டில் பெரும்பாலான பைக்குகளுக்குப் போதுமானதும் இதுதான். பல மாடல்களுக்கு 2 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. கடையில் போனால் மூன்று வகை கிடைக்கும்: கம்பனிச் சாமான், பெயர் தெரியாத மலிவுச் சாமான், பழைய ஷூவிலேயே புது லைனர் ஒட்டிக் கொடுப்பது. இறக்குமதி நின்ற காலத்தில் மூன்றாவது நிறைய ஓடியது, லொறிக்கும் பஸ்ஸுக்கும் அது பல காலமாக நடக்கிற வேலைதான், ஒழுங்கான இடத்தில் சூட்டில் வைத்து ஒட்டினால் குறையில்லை. ஆனால் சும்மா பசை தடவிக் கிளாம்ப் போட்டு ஒட்டியதை நான் இந்த ரோட்டுகளில் நம்பமாட்டேன், லைனர் கழன்று உள்ளே சிக்கினால் சக்கரம் அங்கேயே நின்றுவிடும். மலிவுச் சாமான் சமதரையில் ஓடுகிறவனுக்குப் பரவாயில்லை, மலையில் சீக்கிரம் வெந்துபோகும், ஒரு வருடத்தில் இரண்டு தடவை மாற்றினால் விலை வித்தியாசம் போய்விடும். காசு இருந்தால் கம்பனிச் சாமான், ஸ்பிரிங்கையும் சேர்த்து. மாற்றிய அன்றே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெரிய இறக்கத்தில் இறங்க வேண்டாம், 100, 200 கிலோமீற்றர் மெதுவாக ஓடி ட்ரம்மோடு உட்கார விடுங்கள், பிறகு நட்டை ஒரு தடவை பாருங்கள்.

ஹப் மாற்றச் சொல்வது எப்போது நியாயம்? மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் தட்டித் தட்டி மேலே கீழே போனால் ட்ரம் வட்டம் கெட்டிருக்கிறது. உள்ளே ஆழமாகக் கோடு விழுந்து நகம் மாட்டினாலும், வெடிப்பு இருந்தாலும் யோசிக்க வேண்டும். மற்றபடி அளந்து பார்க்காமல் ஹப் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 110 மில்லிமீற்றர் ட்ரம்முக்குப் பொதுவாக 111 வரைதான் எல்லை, 130க்கு 131, பல ஹப்களில் உள்ளேயே வார்ப்பு எழுத்தில் அதிகபட்ச அளவு இருக்கும். லேத் பட்டறையில் வேர்னியர் வைத்து இரண்டு மூன்று இடத்தில் அளக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரியும். எல்லைக்குள் இருந்தால் லேத்தில் லேசாகச் சீவலாம், ஹப்பை விட மலிவு, ஆனால் ட்ரம் பெரிதாகிவிடுவதால் புது லைனர் முதலில் நடுவில் மட்டும்தான் தொடும், கொஞ்ச நாள் பிரேக் குறைவாகவே இருக்கும். இதைச் சொல்லாமல் சீவிக் கொடுத்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். அப்புறம் ஸ்போக் சக்கரம் என்றால் ஹப் மாற்றுவதோடு கம்பி கட்டும் கூலியும் வரும், சக்கரம் ஆடாமல் கட்டுகிற கை எல்லா இடத்திலும் இல்லை.

டிஸ்க் போடுவது பற்றி அதிகம் எழுத மனசில்லை. டிஸ்க் நல்ல சாமான், சீக்கிரம் ஆறும், மழையில் சீக்கிரம் காயும், கம்பனியே பின்னால் டிஸ்க்கோடு விட்ட வண்டி என்றால் சந்தோஷம். ஆனால் 100 சிசி பைக்கில் வேறு வண்டியின் ஹப், டிஸ்க், கலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் தேடிப் பிடித்து, பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மில் தகடு ஒன்றை வெல்டிங் பிடித்து மாட்டுவது எனக்குப் பயம். பிரேக்கின் முழு இழுவையும் அந்த வெல்டிங்கில்தான் நிற்கிறது. பின் சக்கரம் தாங்குகிற அளவுக்கு மேல் பிரேக் போட்டு என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி, ஈர ரோட்டில் அது லொக் ஆவதைத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம். ஏற்கெனவே பின் டிஸ்க் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது வேறு: பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று அல்லது பழைய பிரேக் ஒயில், கல்லு மாதிரி இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பேட் வெந்துவிட்டது அல்லது எண்ணெய் பட்டது (செயினுக்கு ஸ்பிரே அடிக்கிறவர்கள் டிஸ்க்கில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு அடியுங்கள்). பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊர்ப் பனியில் கேட்கவே வேண்டாம். டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் 155 வரைக்கும் இறங்கிவிடலாம், கொதித்தால் பெடல் வெறுமனே கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது எந்த மாற்றுச் சாமானையும் விட மலிவு.

மச்சானின் வண்டிக்கு வருகிறேன். அன்று மத்தியானமே கழற்றினோம். லைனர் ஒன்றரை மில்லிமீற்றர்தான் மிச்சம், முகம் கண்ணாடி. கேமை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித்தான் திருப்ப முடிந்தது, வெளியே இழுத்தபோது துரு சிவப்புத் தூளாகக் கையில் கொட்டியது. ஆனால் எங்கள் இருவருக்கும் வயிற்றைக் கலக்கியது லைனர் இல்லை. ட்ரம் மூடியைச் சுற்றவிடாமல் ஸ்விங் ஆர்மோடு பிடித்து வைக்கிற கம்பி ஒன்று இருக்கிறதே, அதன் நட்டில், நட்டு கழலாமல் தடுக்கிற கொட்டர் பின் இல்லை. கையாலேயே கழன்று வந்தது. அது கழன்றால் மிதித்த உடனே மூடியே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், கம்பி, லிவர் எல்லாவற்றையும் முறித்துக்கொண்டு. கராஜ்கள் இரண்டும் ஹப்பையும் டிஸ்க்கையும் பற்றித்தான் பேசின, இதை ஒருவரும் பார்க்கவில்லை. நீங்கள் எந்தத் தெரிவை எடுத்தாலும் சக்கரத்தைப் பூட்டி முடித்ததும் குனிந்து இந்த நட்டையும் பின்னையும் உங்கள் கண்ணால் பாருங்கள்.

அடுத்த நாள் ஹப்பை லேத்துக்குக் கொண்டுபோனான், 110.4 என்று வந்தது. "இத ஏன் தம்பி மாத்தணும், இன்னும் ரெண்டு ஜோடி லைனர் சாப்பிடும்" என்றாராம் பாஸ். கேம் தண்டைத் தேய்த்து, கிரீஸ் தொட்டு, புள்ளிக்குப் புள்ளி லிவரைப் பூட்டி, கம்பனி லைனர் ஒரு ஜோடியும் ஸ்பிரிங்கும் கொட்டர் பின்னும் போட்டோம். இப்போது ரதல்லையில் இரண்டாம் கியரில் இறங்குகிறான், பின்னால் வருகிற ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள், அடிக்கட்டும். அது 2023 ஜனவரியில் பஸ் மோதி 7 பேர் செத்த ரோட்டு. ஹப்புக்கு என்று சேர்த்து வைத்திருந்த காசில் முன் டயரை மாற்றினான். அது வழுக்கையாகக் கிடந்ததை, பின் பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்த நான் அன்று கவனிக்கவே இல்லை.